ஆக்கியோன் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்மொழி மாதத்தை ஒட்டி, என் வகுப்பில் உயர்நிலை இரண்டில் பயின்ற மாணவி ஒருத்தி பதினான்கு வரியில் ஒரு கவிதை எழுதினாள். பள்ளி முடிந்து திரும்பும் பேத்திக்காக அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காத்திருக்கும் தாத்தாவைப் பற்றியது அது. அணிநயம் மிக்கது என்று சொல்லமாட்டேன். ஆயினும், தாத்தாவின் கையில் எந்நாளும் இருக்கும் குடை மழைக்காக அன்று, கைத்தடி ஊன்றுவதற்கு அவர் நாணுகிறார் என்பதற்காகவே என்று அவள் கண்டு சொன்ன இடம் ஒன்று உண்டு. அதை அவள் பெயரோடு பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். யாரோ படம் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்து அக்கவிதை என் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்தது. பின்னணியில் சூரிய உதயம். தலைப்பில் 'படித்ததில் பிடித்தது'. அடியில் 'நன்றி: இணையம்'. பெயர் மட்டும் இல்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது. இம்முறை பெயர் இருந்தது, அவள் பெயரன்று. தமிழுலகம் நன்கறிந்த, மறைந்துவிட்ட ஒரு பெரியவரின் பெயர். மாணவியிடம் காட்டினேன். சினம் கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்லை, ஐயா. அவர் எழுதினார் என்று நினைத்தால்தானே எல்லாரும் கடைசிவரை படிப்பார்கள்" என்றாள். அதன்பின் அவள் கவிதை எழுதி நான் பார்க்கவில்லை. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல இயலாது. பதினான்கு வயதில் கவிதையை விட்டுவிட ஆயிரம் காரணங்கள் உண்டு. எனினும் அவள் கூறிய அந்த ஒரு வாக்கியமே இவ்வுரைக்கு வித்து.

முதலில், அக்கவிதையின் மேலும் கீழும் ஒட்டப்பட்டிருந்த சொற்களைப் பார்ப்போம். 'படித்ததில் பிடித்தது' என்னும் தொடர் எதுகையழகு உடையது. நாவில் எளிதில் நிற்பது. ஆனால் அதன் எழுவாய் யார்? படித்தவர். பிடித்ததும் அவருக்கே. எழுதியவருக்கு அத்தொடரில் இடமே இல்லை. ஒரு படைப்பைப் பற்றிய செய்தி முழுவதும் அதைத் துய்த்தவரைப் பற்றிய செய்தியாக மாறிவிடுகிறது.

'பகிர்வு' என்பது அடுத்தது. பகிர்தல் என்பது நம்மிடம் உள்ளதைப் பங்கிட்டுத் தருதல். வள்ளுவர் பகுத்துண்ணலைப் போற்றியது, கொடுப்பவன் தன் உணவில் ஒரு பகுதியை இழக்கிறான் என்பதனால். அடுத்த வீட்டுச் சோற்றை எடுத்து ஊருக்கு வழங்குவதைப் பகுத்துண்ணல் என்று எவரும் சொல்லார். திறன்பேசியின் பொத்தான் ஒன்றுக்கு நாம் சூட்டிய பெயர் இது. பெயரின் நல்லியல்பு செயலுக்கும் தானே வந்துவிடுகிறது.

'நன்றி: இணையம்' என்பதை நான் மன்னிப்பது கடினம். நண்பர் எழுதிய கடிதத்திற்கு அஞ்சல்காரரிடம் நன்றி கூறுவது போன்றது அது. இணையம் எழுதாது, ஏந்தி வரும், அவ்வளவே. இதில் நகைமுரண் ஒன்றும் உண்டு. 'இணையம்' என்னும் சொல்லுக்கே ஆக்கியோன் உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமாக இருந்த நா. கோவிந்தசாமியே அச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார் என்று பலரும் குறிப்பிடுவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையமேறியபோது, தமிழும் அவற்றோடு ஏற வேண்டும் என்று உழைத்தவர் அவர். 1999இல் மறைந்தார். 'நன்றி: இணையம்' என்று எழுதுகிறவர்கள் நன்றி செலுத்தும் அந்தச் சொல்லுக்கே நன்றி செலுத்தவேண்டிய ஒருவர் நம் தீவிலேயே வாழ்ந்தார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

இனி, இந்த உரிமையைக் குறிக்க நாம் வழங்கும் சொற்களுக்கு வருவோம். செய்தித்தாளிலும் வானொலியிலும் மிகுதியாகக் காண்பது 'காப்புரிமை'. இசையமைப்பாளர் ஒருவர் தம் பாடல்களுக்கு உரிமை கோரி நீதிமன்றம் சென்றால் அது காப்புரிமை வழக்கு. புண்ணாற்றும் மஞ்சளின் பயனைப் புதுக்கண்டுபிடிப்பு என்று கொண்டு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டு, இந்தியாவின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டதே, அதுவும் காப்புரிமைதான். இரண்டும் அடிப்படையிலேயே வேறானவை. கண்டுபிடிப்புக்கான உரிமையை விண்ணப்பித்துப் பெறவேண்டும், அதிகாரிகள் ஆராய்வர், கட்டணம் உண்டு, பொதுவாக 20 ஆண்டில் முடிந்துவிடும். எழுத்துக்கான உரிமையோ எழுதி முடித்த அக்கணமே பிறந்துவிடுகிறது. சிங்கப்பூரில் அதற்குப் பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்கியதன் விளைவை நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் கேட்கிறேன்: "நான் பதிவு செய்யவில்லையே, ஐயா; எனக்கு எப்படி உரிமை வரும்?"

'பதிப்புரிமை' என்பது இன்னொரு சொல். ஆங்கிலச் சொல்லின் நேரிய தமிழாக்கம் அது. படியெடுக்கும் உரிமை என்னும் பொருளைச் செம்மையாகத் தருகிறது. அச்சுத்தொழிலோடு பிறந்த சட்டம் ஆதலின் ஆங்கிலச் சொல்லும் அச்சகத்தின் மணத்தோடேயே இருக்கிறது. ஆனால் மாணவர் செவியில் 'பதிப்பு' என்றால் நூல். நூலாக வராத கவிதை, மேடையில் பேசிய பேச்சு, திறன்பேசியில் எடுத்த படம், குரல்பதிவு ஆகியவற்றுக்கு உரிமை உண்டு என்று அச்சொல் உணர்த்துவதில்லை. ஒரு சொல் 'பதிவு செய்' என்கிறது. மற்றொன்று 'அச்சிடு' என்கிறது. இரண்டும் செய்யாத பதினான்கு வயதுப் பெண் தனக்கு ஏதும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறாள்.

என் விருப்பம் 'படைப்புரிமை'. கலைச்சொல் அறிஞர்கள் இதில் குறை காணலாம், காணட்டும். பழைய தமிழ் நூல்களின் முகப்புத்தாளில் 'உரிமை ஆசிரியருக்கே' என்று இரண்டே சொல்லில் அச்சிட்டார்களே, அந்தத் தெளிவு பின்வந்த அகராதிகளுக்குக் கைவரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரின் பழைய சட்டம் 1987ஆம் ஆண்டினது. அதில் ஒரு குறை இருந்தது. ஒருவர் எழுதாததை அவர் எழுதினார் என்று பொய்யாகப் பெயரிடுவதை அது தடுத்தது. எழுதியதற்கு அவர் பெயரைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று பணிக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் புதிய சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது அக்குறை நீங்கியது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரை அடையாளம் காட்டவேண்டும். அதுவும் தெளிவாக, கண்ணில் படும் வகையில் காட்டவேண்டும். புனைபெயரில் எழுதுகிறவராயின் அப்புனைபெயரையே சொல்லவேண்டும். விலக்குகள் சில உண்டு. ஆயினும் இவ்வுரிமை பணத்தோடு தொடர்புடையதன்று. படைப்பின் விற்பனை உரிமையை ஒருவர் கைமாற்றிக் கொடுத்துவிடலாம், பெயருக்கான இவ்வுரிமையை விற்க இயலாது. குடும்பத்தார் சிலர் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குழு 'பொது' ஆகுமா என்பது வழக்கறிஞர்களுக்கான வினா. முகநூல் பக்கமும் விழா மலரும் மேடையும் ஐயமின்றிப் பொது.

மலேசிய அன்பர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தையும் புரட்டிப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டினதாகிய அச்சட்டத்திலும் படைத்தவரின் பெயருரிமைக்கு இடம் உண்டு. வேறுபாடு பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில்தான்: படைத்தவர் மறைந்தபின் மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60, சிங்கப்பூரில் 70.

ஆசிரியர்கள் வியப்புறும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. பணியின் பகுதியாக ஆசிரியர் உருவாக்கும் பயிற்சித்தாளின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையெனில், வேலை தருபவரைச் சேரும். மாணவர் எழுதும் கட்டுரையின் உரிமையோ மாணவருக்கே. பள்ளிக்கும் அன்று, திருத்திய ஆசிரியருக்கும் அன்று. நாம் சிவப்பு மையால் எத்தனை வரி மாற்றியிருந்தாலும் 'என் மாணவியின் கவிதை' என்பதில் 'என்' மாணவியைத்தான் தழுவும், கவிதையைத் தழுவாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். தமிழ் அறிஞர் சிலரே அதை என்னிடம் எழுப்பியிருக்கிறார்கள். 'படைப்புரிமை மேலைநாட்டுச் சரக்கு. நம் மரபில் பாட்டு ஊருக்குப் பொது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் யார் உரிமை கோரினார்? முன்னோர் சொல்லை எடுத்தாளுவதைப் பெருமையாகக் கொண்டது நம் மரபு' என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. நாட்டார் பாடல் பற்றி அவர்கள் சொல்வது சரியே. முன்னோர் மொழியை அவ்வாறே எடுத்து ஆளலாம் என்று நன்னூலும் இசைகிறது. ஆனால் அதே நன்னூலின் பாயிரப் பகுதியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்திற்கு எட்டு உறுப்புகளை வகுத்தார். அவற்றுள் முதலாவது எது? ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது இந்நூல் எதிலிருந்து வந்தது என்பது. நூலின் பெயரும் அது சொல்லும் பொருளும்கூட அதற்குப் பின்னரே வருகின்றன. யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்ற இரு வினாவுக்கும் விடை சொல்லாமல் நூலுக்குள் நுழையக்கூடாது என்பது எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட தமிழ் ஒழுங்கு. 'படித்ததில் பிடித்தது' விழுங்கிவிடுவது மிகச்சரியாக இவ்விரண்டையும்தான்.

எடுத்தாளுதலுக்கும் மரபில் வரையறை இருந்தது. முதல்நூல், வழிநூல் என்று தரம் பிரித்தார்கள். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று வழிநூலைத் தொல்காப்பியம் நால்வகைப்படுத்துகிறது. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதை இழுக்காகக் கருதாமல், பிறப்பை மறைப்பதையே இழுக்காகக் கருதியதால்தான் இத்தனை பெயர்கள் வேண்டியிருந்தன. கம்பர் தம் காப்பியத் தொடக்கத்திலேயே, வடமொழியில் இக்கதையைச் சொன்னவர் மூவர் என்றும் அவருள் முந்தியவரைத் தாம் பின்பற்றுவதாகவும் அறிவித்துவிடுகிறார். பத்தாயிரத்தைத் தாண்டிய பாடல்களைப் பாடியவருக்கு அந்த அறிவிப்பால் எதுவும் குறைந்துவிடவில்லை.

பெயர் தெரியாதபோது என்ன செய்தார்கள்? இங்கேதான் நான் நம் தொகுப்பாளர்களை வணங்குகிறேன். குறுந்தொகையைத் தொகுத்தவர் கையில் வந்த பாடல்களில் சிலவற்றை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. 'யாரோ' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அப்பாடலிலேயே எழுதியவரின் கண் எங்கே பட்டது என்று தேடி, அவ்வுவமையையே அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவனார் எனப் பெற்றோர் இட்ட பெயர் அழிந்தபின்னும் பாட்டு இட்ட பெயர் நிற்கிறது. ஓலைச்சுவடியும் எழுத்தாணியும் மட்டுமே வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்ட முயற்சி இது. நம் கையில் தேடுபொறி இருக்கிறது.

பாயிரத்தைப் பற்றி நன்னூல் கூறும் இன்னொரு செய்தி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியனே செய்துகொள்ளலாகாது. அதைச் செய்யத் தகுதியுடையோர் அவன் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே. தற்புகழ்ச்சி கூடாது என்பதற்காக வகுத்த விதி என்றுதான் நானும் பாடம் நடத்திவந்தேன். ஆனால் இவ்விதிக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 'இது இன்னார் எழுதியது' என்று சொல்லும் பொறுப்பு எழுதியவர் மீது இல்லை. சுற்றியிருப்போர் மீது இருக்கிறது. கவிதையைத் திருடிவிட்டார்கள் என்று அந்த மாணவி தானே கூவியிருக்கவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேனே, அது பிழை. அவளுக்கு ஆசிரியன் நான் இருந்தேன். அவளோடு கற்றவர்கள் முப்பது பேர் இருந்தார்கள்.

பொருளுரிமையும் பெயருரிமையும் வேறென்பதைப் பாரதியின் வரலாறு போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 1921இல் அவர் மறைந்தபின் அவருடைய எழுத்துகளின் உரிமை கைமாறிக்கொண்டிருந்தது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மக்கள் கவி ஒருவரிடம் அடைபட்டிருக்கலாமா என்ற கிளர்ச்சி எழுந்து, 1949இல் சென்னை அரசு அவ்வுரிமைகளை ஏற்றுக்கொண்டது. பின்னர் அவை பொதுமக்களுக்கே விடப்பட்டன. பிற எழுத்தாளர்களின் மரபுரிமையர்க்குத் தொகை அளித்து நூல்களைப் பொதுவாக்கும் தமிழக வழக்கத்துக்கு அதுவே முன்னோடி. 'நாட்டுடைமை' என்பது அதற்கு வழங்கும் சொல். நாட்டுக்கு உடைமையானது நூலேயன்றிப் பெயரன்று. பாரதியின் பாட்டை இன்று யாரும் அச்சிடலாம், பாடலாம், விற்கலாம். தம் பாட்டு என்று சொல்ல இயலாது.

பெயரைச் சொல்லாமை ஒருவகைப் பிழை என்றால், பெரிய பெயரைப் பொருத்துதல் அதன் உடன்பிறப்பு. அப்துல் கலாம் பெயரில் உலவும் பொன்மொழிகள் அனைத்தையும் அவர் சொல்லியிருந்தால், ஏவுகணை செய்ய அவருக்கு நேரம் கிடைத்திருக்காது. கண்ணதாசன், வள்ளலார், விவேகானந்தர் ஆகியோருக்கும் இதே நிலை. இதில் இருவருக்கு இழப்பு. எழுதிய எளியவருக்குப் பெயர் போகிறது; பெயருடைய பெரியவர் மீது அவர் சொல்லாத சொல் ஏறுகிறது. மாணவர் கட்டுரைகளில் அது மேற்கோளாகப் புகும்போது, மதிப்பெண் குறைக்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நானே பல ஆண்டு குறைக்கவில்லை. 'நல்ல கருத்துத்தானே' என்று விட்டுவிட்டேன்.

வகுப்பறைக்குப் பயன்படும் சிலவற்றையும் சொல்லவேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கு நெகிழ்ச்சி காட்டுகிறது. இணையத்தில் கட்டணமின்றி எல்லாரும் காணக்கூடியதாக உள்ள படைப்பை, இலாப நோக்கற்ற பள்ளியின் ஆசிரியரும் மாணவரும் கற்றல் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம். அதற்கு எங்கிருந்து எடுத்தோம், எந்த நாளில் பார்த்தோம் என்பதைக் குறிக்கவேண்டும். அது திருட்டுப்படி என்று அறிந்தால் பயன்படுத்தலாகாது. 'வழி'யைச் சொல் என்ற பவணந்தியாரின் கட்டளைதான் இது, நாளும் சேர்ந்திருக்கிறது. இது பாடத்துக்கு உரிய சலுகை என்பதையும் மறக்கலாகாது. அதே படைப்பை நுழைவுச்சீட்டு விற்கும் விழாவின் மலரில் அச்சிட்டால் இச்சலுகை துணைக்கு வராது.

இன்னொன்று, சட்டம் காப்பது வெளிப்பாட்டை, கருத்தையன்று. தாத்தா காத்திருக்கிறார் என்னும் கருத்தில் ஆயிரம் பேர் கவிதை எழுதலாம். மாணவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க நம் பேச்சுவழக்கில் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: 'ஈயடிச்சான் காப்பி'. மூலத்தாளில் செத்து ஒட்டியிருந்த ஈயைக் கண்டு, தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டினானாம் ஓர் எழுத்தன். பகிர்வுகளைப் பார்க்கும்போது அவன் எவ்வளவோ நேர்மையானவன் என்று தோன்றுகிறது. என் மாணவியின் கவிதையில் அவள் விட்ட ஒற்றுப்பிழைகூட அப்படியே வந்திருந்தது. ஈயை விடாத கை பெயரை மட்டும் விட்டிருந்தது.

பெயரைத் தேடுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் நூல்களைத் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்னாக்கம் செய்தபோது, தொண்டர்கள் ஏறத்தாழ 350 நூல்களைச் சேர்த்தார்கள். நூல் கையில் இருந்தால் மட்டும் போதாது. எழுதியவரையோ, அவர் மறைந்திருந்தால் குடும்பத்தாரையோ கண்டு இசைவு பெறவேண்டும். மின்வருடியில் தாளை வைப்பது நொடி வேலை. வாசற்கதவைத் தட்டுவதுதான் நெடிய வேலை.

இப்போது செயற்கை நுண்ணறிவுப் பொறி தமிழிலும் கவிதை தருகிறது. அதை மாணவர் எடுத்து வந்தால் ஆக்கியோன் யார், வழி எது என்னும் இரு வினாவும் புதிய சிக்கலோடு எழுகின்றன. கணினித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளைப் படியெடுக்க நம் சட்டம் சில வரம்புகளோடு இசைகிறது. அதைத் தனியே ஓர் உரையில்தான் பேசவேண்டும்.

சென்ற ஏப்ரலில் தாத்தாவின் குடை மீண்டும் என் திறன்பேசிக்கு வந்தது. வேறு சூரியன், வேறு எழுத்துரு, அதே ஒற்றுப்பிழை. இம்முறை எந்தப் பெயரும் இல்லை. இரண்டு முறை தயங்கிவிட்டு, அதன் கீழே அவள் பெயரையும், எழுதிய ஆண்டையும், உயர்நிலை இரண்டு மாணவியாக இருந்தபோது எழுதியது என்பதையும் தட்டச்சு செய்து அனுப்பினேன். நெடுநேரம் குழுவில் எவரும் எதுவும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு ஈப்போவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணி ஒருவர் எழுதினார்: "இந்தப் பிள்ளை வேறு என்ன எழுதியிருக்கிறாள், தம்பி?"

அதை அப்படியே அவளுக்கு அனுப்பிவைத்தேன்.